புயலுக்குப் பின்னும் நிற்கும் உரிமை
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் விழாவிலே குடியிருப்பைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். ஒண்ட இடமின்றி அலைகின்ற குடும்பத்துப் பிள்ளை பள்ளிக்குச் செல்வது எங்ஙனம்? ஆதலின் இதுவும் கல்வியைப் பற்றிய பேச்சே.

2018 நவம்பர் 16ஆம் நாள் பின்னிரவில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னைகள் சாய்ந்தன. கூரை வீடுகள் தரைமட்டமாயின. இத்தகைய வேளையில் இடத்துக்குரியவர் வந்து, "வீடே போயிற்று, இனி உனக்கு இங்கே என்ன உரிமை?" என்று கேட்பதுண்டு. பலர் மறுமொழி அறியாமல் மூட்டையைக் கட்டிவிடுகின்றனர். அம்மறுமொழியை இன்று நாம் அறிந்துகொள்வோம்.

முதலாவது, பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டு வாழும் உழவுத் தொழிலாளர் நிலை. 1971 ஜூன் 19ஆம் நாளன்று அவ்வாறு குடியிருந்தவர்க்கு அம்மனையே சொந்தமாகும் என்று அவ்வாண்டின் தமிழ்நாடு குடியிருப்புச் சட்டம் கூறுகின்றது. சட்டம் தந்தது அடிமனையை. கூரை பறந்தாலும் மனை பறப்பதில்லை. ஆகவே, அந்நாளில் அங்கே குடியிருந்தவர் யார் என்பதை உங்கள் பாட்டன் பாட்டியரிடம் இன்றே கேட்டு எழுதிவையுங்கள்.

இரண்டாவது, வாடகை வீடு. தீயாலோ புயலாலோ வெள்ளத்தாலோ வீட்டின் முக்கிய பகுதி அழிந்து, நிலையாகப் பயன்படாமற் போனால், குத்தகையை முடித்துக்கொள்ளும் விருப்பம் குடியிருப்பவருக்கே உண்டு என்று 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு சொல்கின்றது. அந்த விருப்பத்தைச் சட்டம் வீட்டுக்காரர் கையில் கொடுக்கவில்லை. கட்டடம் அழிந்ததால் மட்டும் வாடகை உரிமை அற்றுப் போகாது என்று உச்ச நீதிமன்றமும் 2014இல் தீர்ப்பளித்துள்ளது. எனவே மனக்கலக்கத்தில், "எனக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

நகர்ப்புறங்களில் 2019 முதல் புதிய வாடகைச் சட்டம் நடப்பில் உள்ளது. பழுது பார்க்கவோ இடித்துக் கட்டவோ வீடு வேண்டுமென்றால் உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தை அணுக வேண்டும். குடிநீரையும் மின்சாரத்தையும் துண்டித்து வெளியேற்ற அவருக்கு அதிகாரமில்லை. ஆனால், எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமையே வெளியேற்றத்திற்குக் காரணமாகலாம். ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பலாத்காரமாக வெளியேற்றினால் செய்ய வேண்டுவது என்ன? 1963ஆம் ஆண்டுத் தனிப்பரிகாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி ஆறு மாதத்திற்குள் வழக்குத் தொடுத்து இடத்தைத் திரும்பப் பெறலாம். நிலம் யாருடையது என்பது அங்கே கேள்வியன்று. வெளியேற்றிய முறை சரியா என்பதே கேள்வி. நம் மக்களைப் பிற சமூகத்தார் முறைகேடாக மனையினின்று அகற்றுவதும், வீட்டையும் ஊரையும் விட்டுப் போகச் செய்வதும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று அஞ்ச வேண்டா. பட்டியல் சாதியினர்க்கும் வெள்ளம் முதலான பேரிடரில் துன்புற்றோர்க்கும் இலவசச் சட்ட உதவி அளிக்கச் சட்டம் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனுக் கொடுங்கள்.

இளைஞர்களே! படித்த உங்களுக்கு இங்கே ஒரு கடமை உண்டு. புயல் ஓய்ந்த மறுநாளே தெருவில் இறங்குங்கள். இடிபாடுகளை அகற்றுமுன் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் எடுக்கும் சேதக் கணக்கில் ஒவ்வொரு குடும்பத்தின் பெயரும் ஏறியதா என்று பாருங்கள். குடும்ப அட்டை, மின்கட்டணச் சீட்டு, வாடகை ரசீது ஆகியவற்றின் படிகளை முன்னதாகவே திரட்டி வையுங்கள். வெற்றுத் தாளில் எவரும் கைநாட்டு வைக்காமல் தடுங்கள். முகாமுக்குச் செல்வோர், "திரும்பி வருவோம்" என்று எழுதிக் கொடுத்து, அதன் படியை வைத்துக்கொள்ளச் செய்யுங்கள்.

1937இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கொங்கணத்துக் குத்தகை உழவருக்காகக் கோதி முறை ஒழிப்பு மசோதாவைக் கொண்டுவந்தவர் அண்ணல் அம்பேத்கர். அவர் பெற்ற கல்வி குடியானவனின் குடிசை வரை வந்து சேர்ந்தது. நம் கழகம் தந்த கல்வியும் அவ்வாறே சேருவதாக.