காட்டிக்கொடுத்தவர் யார்?



1940ஆம் ஆண்டு மே 9ஆம் தேதி இரவு, பெர்லின் நகரம். ஜெர்மன் ராணுவ உளவுத்துறையின் உயர் அதிகாரி ஒருவரும் நெதர்லாந்துத் தூதரகத்தின் ராணுவ அதிகாரி ஒருவரும் ஒன்றாக அமர்ந்து சாப்பிடுகிறார்கள். நீண்ட நாள் நண்பர்கள். சாப்பிட்டு முடித்ததும் ஜெர்மன் ராணுவத் தலைமையகத்துக்குப் போகிறார்கள். நண்பர் வெளியே காத்திருக்க, ஜெர்மன் அதிகாரி மட்டும் உள்ளே போய்வருகிறார். உத்தரவு ரத்தாகவில்லை, ஹிட்லர் மேற்குப் போர்முனைக்குக் கிளம்பிவிட்டார், விடிந்தால் தாக்குதல் என்று சொல்கிறார்.

நெதர்லாந்து அதிகாரி உடனே தூதரகத்துக்குப் போய், ஹேக் நகரத்துக்குத் தொலைபேசியில் சங்கேதமாகத் தகவல் சொல்கிறார். சற்று நேரத்தில் அங்கிருந்து மேலதிகாரி ஒருவர் திருப்பி அழைக்கிறார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒட்டுக்கேட்பவர்களுக்குப் புரியக் கூடாது என்பதால், உங்கள் மனைவிக்கு அறுவைச் சிகிச்சையாமே, எல்லா டாக்டர்களையும் கலந்துகொண்டீர்களா என்று விசாரிக்கிறார். இவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. எல்லா டாக்டர்களையும் கேட்டாயிற்று, நாளை விடியற்காலையில் நடக்கப்போகிறது என்று சொல்லி ரிசீவரை வைத்துவிடுகிறார்.

மே 10 விடிகாலையில் ஜெர்மன் படைகள் நெதர்லாந்து, பெல்ஜியம், லக்சம்பர்க் ஆகிய மூன்று நாடுகளுக்குள்ளும் நுழைந்தன. 14ஆம் தேதி ரோட்டர்டாம் நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. ஐந்தே நாளில் நெதர்லாந்துப் படை சரணடைந்தது.

தகவல் சொன்ன அந்த ஜெர்மானியரின் பெயர் ஹான்ஸ் ஓஸ்டர். கர்னல். டிரெஸ்டன் நகரத்துப் பாதிரியார் ஒருவரின் மகன். முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் போரிட்டவர். தகவலைக் கேட்டுக்கொண்டவர் மேஜர் சாஸ். போருக்குப் பிறகு நெதர்லாந்து நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் சாஸ் அளித்த சாட்சியத்தால்தான் அந்த இரவின் கதை வெளியே வந்தது.

நாடு போரில் இருக்கும்போது, அதன் ராணுவத்தில் உடுப்பு மாட்டிக்கொண்ட ஒருவர், தாக்குதல் நடக்கப்போகும் நாளை எதிர்த்தரப்புக்குச் சொல்வது சரியா? அறமா? இன்று உங்களோடு பேச விரும்புவது இதைப் பற்றித்தான்.

சுலபமான பதில் எல்லோருக்கும் தெரியும். ஓஸ்டர் நல்லவர், ஹிட்லர் கெட்டவன், ஆகவே செய்தது சரி. இந்தப் பதிலோடு நிறுத்திக்கொண்டால் ஓஸ்டர் சுமந்த பாரத்தை நாம் பார்க்காமலே போய்விடுவோம். அந்த மே 10 காலையில் ஹேக் நகரைச் சுற்றியுள்ள விமானத்தளங்களில் ஜெர்மன் பாராசூட் வீரர்கள் குதித்தார்கள். அவர்களில் பலர் மீசைகூடச் சரியாக அரும்பாத பையன்கள். எதிர்த்தரப்பு முழு விழிப்போடு காத்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் பிணமாக விழுவார்கள்? ஓஸ்டருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். துப்பாக்கியை எடுத்து ஒருவனைச் சுட்டுவிடுவது எளிது, எதிரியின் துப்பாக்கிக்கு நேரே ஓடுவதும் எளிது, நான் செய்யத் துணிந்திருக்கும் காரியம் அதைவிடக் கடினம் என்று நண்பரிடம் அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. தன்னைத் தேசத்துரோகி என்று சொல்வார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஹிட்லர் பின்னால் ஓடுகிறவர்களைவிடத் தான் நல்ல ஜெர்மானியன் என்று அவர் தன்னிடம் கூறியதாக சாஸ் சாட்சியம் சொன்னார்.

அப்படியானால் அவர் கட்டியிருந்த கச்சை, தின்ற சோறு, எடுத்த சத்தியப்பிரமாணம் என்னாவது?

சத்தியப்பிரமாணத்தையே எடுத்துக்கொள்வோம். 1934 ஆகஸ்டில் ஜெர்மன் ராணுவத்தின் உறுதிமொழி மாற்றப்பட்டது. அதற்குமுன் வீரர்கள் தங்கள் மக்களுக்கும் தாய்நாட்டுக்கும் உறுதிசொன்னார்கள். புதிய உறுதிமொழியில் அடால்ஃப் ஹிட்லர் என்ற ஒரு மனிதருக்கு, அவர் பெயரைச் சொல்லி, நிபந்தனையில்லாத கீழ்ப்படிதலைச் சொல்ல வேண்டியிருந்தது. கடவுளைச் சாட்சியாக வைத்து ஒரு தனிமனிதருக்குக் கொடுத்த வாக்கு, அந்த மனிதர் கொலைகாரராக மாறிய பிறகும் கட்டுமா? கட்டும் என்று நினைத்த லட்சக்கணக்கானவர்கள் ஜெர்மனியில் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்ல. அவர்களுடைய விசுவாசம்தான் அந்த ஆட்சியைக் கடைசிவரை தாங்கி நின்றது.

ஓஸ்டர் திடுதிப்பென்று இந்த முடிவுக்கு வந்தவர் அல்ல. 1938 செப்டம்பரில் செக்கோஸ்லோவாகியா மீது படையெடுக்க ஹிட்லர் முனைந்தபோது, உத்தரவு வந்தால் அவரைக் கைதுசெய்துவிடலாம் என்று சில ஜெனரல்களோடு சேர்ந்து திட்டம் போட்டவர்களில் ஓஸ்டர் முக்கியமானவர். அந்த மாதக் கடைசியில் பிரிட்டனும் பிரான்சும் மியூனிக்கில் ஹிட்லரோடு உடன்படிக்கை செய்துகொண்டன. போர் இல்லை என்றதும் திட்டம் சரிந்தது. அடுத்த ஆண்டு போலந்தில் போர் தொடங்கியது. அங்கே நடத்தத் திட்டமிட்டிருந்த கொலைகளைப் பற்றி ஓஸ்டரின் தலைவரான அட்மிரல் கனாரிஸ் 1939 செப்டம்பர் 12ஆம் தேதி ராணுவத் தலைமையிடம் நேரிலேயே முறையிட்டார். பலன் இல்லை. உள்ளேயே எதிர்த்து நிற்க ஜெனரல்கள் துணியவில்லை. வெளியே கேட்க ஆள் இல்லை. அதற்குப் பிறகுதான் ஓஸ்டர் தன் நண்பரிடம் வாய் திறந்தார்.

இந்த வரிசை முக்கியம். தமிழர்களுக்கு இதை விளக்க வீடணனைவிட நல்ல உதாரணம் வேண்டாம். கம்பனின் இராமாயணத்தில் வீடணன் ராமனிடம் போவதற்கு முன்னால் அண்ணனின் மந்திர சபையில் எழுந்து நின்று பேசுகிறான். கெஞ்சுகிறான். திட்டு வாங்குகிறான். பேசுவதற்கு இனி இடமில்லை என்றான பிறகே இலங்கையை விட்டுப் போகிறான். கும்பகருணனும் அதே சபையில் அதே தவறைச் சுட்டிக்காட்டியவன்தான். ஆனால் செஞ்சோற்றுக் கடனுக்காக அண்ணன் பக்கம் நின்று உயிரை விட்டான். நம் மரபு கும்பகருணனுக்காகக் கண்ணீர் விடுகிறது. வீடணனை ஆழ்வான் என்று அழைக்கிறது. இருவரையும் மதிக்கத் தெரிந்த மரபு நம்முடையது. அப்படியிருந்தும் அன்றாடப் பேச்சில் யாரையாவது பிடிக்காவிட்டால் எட்டப்பன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

இன்னொரு வகையாகவும் இதைப் பார்க்கலாம். வானொலியில் பேசிக்கொண்டிருப்பதால் வானொலியிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரில் தன் நாட்டை எதிர்த்து எதிரி நாட்டின் ஒலிவாங்கி வழியாகப் பேசிய இருவரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது.

ஒருவர் வில்லியம் ஜாய்ஸ். பிரிட்டனில் வாழ்ந்தவர், பாசிசக் கட்சியில் இருந்தவர். போர் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு ஜெர்மனிக்கு ஓடிப்போனார். ஜெர்மன் வானொலியில் ஆங்கிலத்தில் பேசி, பிரிட்டிஷ் மக்களிடம் தோல்வி உறுதி என்ற பயத்தை விதைத்தார். 1946 ஜனவரி 3ஆம் தேதி லண்டனில் தூக்கிலிடப்பட்டார்.

இன்னொருவர் தாமஸ் மான். நோபல் பரிசு பெற்ற ஜெர்மன் எழுத்தாளர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நாட்டைவிட்டு வெளியே தங்கிவிட்டார். 1936இல் அவருடைய ஜெர்மன் குடியுரிமையைப் பறித்தார்கள். 1940 இலையுதிர்காலம் முதல் பிபிசி வழியாக ஜெர்மன் மக்களோடு பேசினார். முதலில் அவர் அனுப்பிய எழுத்தை லண்டனில் வேறொருவர் வாசித்தார். பிறகு தன் குரலிலேயே பேசினார். அமெரிக்காவில் ஒலிப்பதிவு செய்த உரை நியூயார்க்குக்குப் போய், அங்கிருந்து தொலைபேசி வழியாக லண்டனுக்குப் போய், அங்கிருந்து ஜெர்மனியின் வீடுகளுக்குள் சென்றது. வெளிநாட்டு வானொலியைக் கேட்பது அந்த நாட்டில் குற்றம். போர் தொடங்கிய அன்றே அப்படிச் சட்டம் போட்டுவிட்டார்கள். ஜன்னலைச் சாத்தி, ஒலியைக் குறைத்து, காதை வானொலிப் பெட்டியோடு ஒட்டவைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

1942 மார்ச் கடைசியில் பிரிட்டிஷ் விமானங்கள் லூபெக் நகரத்தின்மீது குண்டு வீசின. அது தாமஸ் மான் பிறந்து வளர்ந்த ஊர். அவருடைய தாத்தா பாட்டியின் வீடும் அன்று அழிந்தது. சில வாரங்களில் அவர் ஒலிவாங்கி முன் அதைப் பற்றியே பேசினார். ஊருக்காக வருந்தினார். ஆனால் ஜெர்மன் விமானங்கள் கொவென்ட்ரியில் செய்ததை நினைத்துப் பார்க்கிறேன், செய்ததற்கு விலை கொடுக்க வேண்டும் என்பதை என்னால் மறுக்க முடியாது என்ற பொருளில் பேசினார். சொந்த ஊர் எரியும்போது இப்படிப் பேச எவ்வளவு கல்நெஞ்சம் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. எவ்வளவு வலி இருந்தால் அப்படிப் பேச முடியும் என்று நான் கேட்கிறேன்.

இருவரும் சொந்த நாட்டை எதிர்த்துப் பேசினார்கள். இருவரும் எதிரியின் கருவியைப் பயன்படுத்தினார்கள். சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். ஆனால் ஜாய்ஸ் தன் மக்களைப் படையெடுத்து வரும் சர்வாதிகாரிக்குப் பணியச் சொன்னார். மான் தன் மக்களை அந்தச் சர்வாதிகாரியிடமிருந்து விலகச் சொன்னார். தங்கள் ஆட்சி யூதர்களைக் கொன்றுகொண்டிருக்கிறது என்று 1942இலேயே அவர்களுக்கு எடுத்துச் சொன்னார். ஒருவர் குரல் கொல்லுகிறவன் பக்கம் நின்றது. மற்றவர் குரல் கொல்லப்படுகிறவர்கள் பக்கம் நின்றது. எந்த நாட்டு வானொலி என்பதைவிட இதுவே பெரிய வேறுபாடு.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். அவரவர் மனசாட்சிப்படி அவரவர் முடிவெடுத்தால் எந்த நாடு நிற்கும், எந்தப் படை போரிடும்? உண்மைதான். அரசின் ஒரு கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காக யாரும் ரகசியத்தைத் தூக்கி எதிரியிடம் கொடுத்துவிட முடியாது. வாதாடலாம், பதவியை விட்டு விலகலாம், துப்பாக்கியைத் தொட மறுத்துச் சிறைக்குப் போகலாம். பணத்துக்காகவோ பழிவாங்கவோ செய்தால் அதற்குப் பெயர் துரோகம்தான். ஆனால் நடுநிலை காத்த, யாருக்கும் தீங்கு நினைக்காத ஒரு சின்ன நாட்டை, மதிப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு, விடிகாலையில் தாக்கப்போகும் அரசுக்கு முன்னால் நிற்பவன் என்ன செய்வது? அங்கே மௌனமும் ஒரு செயல்தான். அந்த மௌனத்துக்கும் பிணங்கள் உண்டு. அவை அடுத்த வீட்டுப் பிணங்கள் என்பதால் கணக்கில் சேராமல் போய்விடாது.

ஓஸ்டர் தன் செயலுக்கான விலையை வேறு யார் தலையிலும் கட்டவில்லை. 1943இல் பதவி பறிபோனது. 1944 ஜூலை 20ஆம் தேதி ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சி தோற்ற மறுநாளே கைதானார். 1945 ஏப்ரல் 9ஆம் தேதி ஃப்ளோசன்பர்க் வதைமுகாமில், கனாரிஸோடும் பாதிரியார் டீட்ரிச் போன்ஹோஃபரோடும் சேர்த்துத் தூக்கிலிடப்பட்டார். இரண்டு வாரம் கழித்து அமெரிக்கப் படை அந்த முகாமுக்கு வந்து சேர்ந்தது.

போர் முடிந்ததும் ஜெர்மானியர் அவரைப் போன்றவர்களைக் கொண்டாடியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். நடந்தது வேறு. 1951இல் ஓட்டோ ரேமர் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி மேடை ஏறி, ஜூலை 20 முயற்சியில் ஈடுபட்டவர்களைத் தேசத்துரோகிகள் என்று பேசினார். 1944இல் பெர்லினில் அந்த முயற்சியை அடக்கியவரே அவர்தான். ஃப்ரிட்ஸ் பவர் என்ற அரசு வழக்கறிஞர் அவர்மீது வழக்குத் தொடுத்தார். பவர் யூதர், நாஜி ஆட்சியில் நாட்டைவிட்டுத் தப்பி, பிறகு திரும்பி வந்தவர். நாள்தோறும் கொலைசெய்த அநீதி அரசைக் காட்டிக்கொடுப்பது என்ற ஒன்றே இருக்க முடியாது என்று அவர் வாதாடினார். 1952 மார்ச்சில் ப்ரவுன்ஷ்வைக் நீதிமன்றம் ரேமருக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது.

ஜெனரல்களுக்கும் கர்னல்களுக்கும் மரியாதை திரும்பியது. சாதாரணச் சிப்பாய்களுக்குத் திரும்பவில்லை. லூட்விக் பௌமன் 1942இல் பிரான்சின் போர்டோ நகரத்தில் கடற்படையை விட்டு ஓடிப் பிடிபட்டவர். மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அதைச் சிறைத்தண்டனையாக மாற்றினார்கள். ஆனால் அதை அவருக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் இன்று கொண்டுபோய்விடுவார்கள் என்று மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார். போர் முடிந்து ஊர் திரும்பியபோதும் அவர் கோழை, துரோகிதான். சட்டத்தின்படி குற்றவாளிதான். அவரைப் போன்றவர்கள் ஒன்றுகூடிப் பல ஆண்டுகள் போராடினார்கள். படையை விட்டு ஓடியவர்கள்மீது இருந்த தீர்ப்புகளை 2002இல் ஜெர்மன் நாடாளுமன்றம் ரத்துசெய்தது. போர்க்காலத்தில் எதிரிக்கு உதவினார்கள் என்று தண்டிக்கப்பட்டவர்களின் தீர்ப்புகள் அப்போதும் அப்படியே நின்றன. அவற்றை நீக்க 2009 செப்டம்பர் வரை ஆயிற்று. போர் முடிந்து 64 ஆண்டுகள். அவர்களில் பெரும்பாலோர் அதற்குள் கண்ணை மூடிவிட்டார்கள்.

நேயர்களே, போர்க்காலத்தில் துரோகி என்ற சொல் மிக மலிவாகக் கிடைக்கும். பத்திரிகையில், தெருமுனையில், டீக்கடையில் எல்லோர் வாயிலும் இருக்கும். அதை எடுத்து ஒருவர்மீது எறிவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அவருடைய நாடு யாருக்கு என்ன செய்துகொண்டிருந்தது? உள்ளே இருந்து சொல்லிப் பார்க்க அவருக்கு வழி இருந்ததா? விலையை அவர் தன் கழுத்தில் ஏற்றுக்கொண்டாரா, பிறர் கழுத்தில் மாட்டிவிட்டுத் தப்பினாரா? இந்த மூன்றுக்கும் நேர்மையான பதில் கிடைக்கும்வரை தீர்ப்புச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. ஹான்ஸ் ஓஸ்டர் ஜெர்மனியைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஜெர்மனியைக் காட்டிக்கொடுத்தவர்கள் அதை ஆண்டவர்கள்.