பெயருக்கு முன்னால் ஒரு மூச்சு



போன வாரம் ஒரு சாயங்காலம் நீலசந்திரா பஜார் தெருவில் போண்டா வாங்கினேன். கடைக்காரர் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால், அது போன வருடத்துக் காலண்டர் தாள். நம் வீடுகளில் மாட்டியிருப்போமே, தேதிக்குக் கீழே ஒரு வசனம் போட்டது, அதன் தாள். வசனத்தின் நடுவில் ஆண்டவருடைய பெயர். எண்ணெய் ஊறி அந்தப் பெயர் மங்கிப் போயிருந்தது. கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு அது எடைக்கு வாங்கின காகிதம். எடைக்குப் போட்டது யார்? நம்மில் ஒருவர்தானே! அன்று ராத்திரி உட்கார்ந்து எழுதியதுதான் இந்த உரை.

கட்டளை உங்களுக்குத் தெரியும். கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் இரண்டாம் கட்டளை என்று எண்ணுகிறோம்; சி.எஸ்.ஐ. வீடுகளில் அதுவே மூன்றாம் கட்டளை. ஆண்டவர் பெயரை வீணாகச் சொல்லாதே என்று சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். மனப்பாடமான கட்டளை வாயில் எப்படிப் பழக்கமாகிறது, எப்படிக் கெடுகிறது என்பதைத்தான் நான் பேசப் போகிறேன். முப்பது வருடமாகத் தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிக்கிறவன் நான். பெயரை எப்படிச் சொல்வது என்பது எனக்கு ஒரு தொழில்நுட்பமும்கூட.

முதன்முதலாக நான் வாசித்த ஞாயிறு நன்றாக நினைவிருக்கிறது. தடங்கல் இல்லாமல், ஒரே வேகத்தில் வாசித்து முடித்துவிட்டுப் பெருமையோடு இறங்கி வந்தேன். அந்தக் கோயிலின் பழைய உபதேசியார் ஒருவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். "தம்பி, தந்தி வாசிக்கிற மாதிரி வாசிச்சிட்டே. பேரு வருது பாரு, அதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடு. அந்த மூச்சுல தலை தானா தாழும்" என்றார். அவ்வளவுதான். இன்றுவரை எனக்கு அதற்கு மேல் ஒரு பாடம் தேவைப்படவில்லை.

பெயருக்கு முன்னால் ஒரு மூச்சு. நேயர்களே, இதை மறந்துவிடாதீர்கள். பெயருக்கு முன்னால்.

பின்னால் நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்கலாம். பின்னால் நிறுத்துவது மேடைப் பேச்சாளர் வழக்கம்; கைதட்டலுக்கு இடம் விடுவது. முன்னால் நிறுத்தும்போது சொல்கிறவனே ஒரு கணம் தயங்குகிறான். வாசற்படியில் செருப்பைக் கழற்றுகிற நேரம் அது. வீட்டில் இப்போதே சொல்லிப் பாருங்கள். 'இயேசுவின் தாயும் அங்கே இருந்தார்' என்று ஒரே ஓட்டத்தில் ஒருமுறை. பிறகு, மூச்சை உள்ளே இழுத்து, அரைக் கணம் வைத்திருந்து, மறுமுறை. இரண்டாவது முறை உங்கள் குரலே இறங்கியிருக்கும். தலையும் இறங்கியிருக்கும்.

தலை இறங்குவது தற்செயல் இல்லை. அதற்கு எழுநூற்றைம்பது வருட வரலாறு உண்டு. 1274-இல் பிரான்சு நாட்டு லியோன் நகரில் கூடிய இரண்டாம் பொதுச்சங்கம், பத்தாம் கிரகோரி பாப்பரசர் காலத்தில், இயேசுவின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் விசுவாசிகள் தலைவணங்க வேண்டும் என்று சொன்னது. மனம் மண்டியிட வேண்டும், அதற்கு அடையாளமாகத் தலையாவது தாழ வேண்டும் என்பது அதன் கருத்து. இன்றைய பூசைப் புத்தகத்தின் முன்னுரை விதிகளிலும் அது இருக்கிறது. மூவொரு கடவுளின் பெயரைச் சேர்த்துச் சொல்லும்போது, இயேசு என்னும்போது, மரியா என்னும்போது, அன்றைய புனிதரின் பெயர் வரும்போது, தலைவணக்கம். விதி இருக்கிறது. எத்தனை தலைகள் தாழ்கின்றன? விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலில் வியாழக்கிழமை நவநாளுக்கு நின்று பாருங்கள். அத்தனை கூட்டத்தில் நரைத்த தலைகள் மட்டும்தான் தாழ்கின்றன. எனக்கு அது வலிக்கிறது.

இளைஞர்களைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 'ஓ மை காட்' என்பதும், கைப்பேசி கீழே விழுந்தால் 'ஜீசஸ்' என்பதும் சினிமாவிலிருந்து அவர்கள் நாக்கில் ஒட்டிக்கொண்டது. தமிழில் 'சேசுவே!' என்று பதறுகிற பாட்டி உதவிக்குக் கூப்பிடுகிறாள். கைப்பேசி விழும்போது வருகிற 'ஜீசஸ்' யாரையும் கூப்பிடுவதில்லை. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம் ஜெபம் செய்கிற பெரியவர்கள் மேல்தான். ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்தில் ஒருவர் சொந்த வார்த்தையில் மன்றாடினார். நாம் பேச்சில் 'வந்து', 'வந்து' என்று இழுப்போமே, அந்த இடத்திலெல்லாம் அவர் 'ஆண்டவரே' போட்டார். அறுபதைத் தாண்டியதும் நான் எண்ணுவதை விட்டேன். மைக்கில் எதிரொலி வேறு.

கிழக்குத் திருச்சபைத் துறவிகள் இயேசுவின் பெயரை நூற்றுக்கணக்கில் சொல்லவில்லையா என்று படித்தவர்கள் கேட்பார்கள். சொல்கிறார்கள். மூச்சோடு சேர்த்துச் சொல்கிறார்கள்! உள்ளே போகும் மூச்சில் பாதி மன்றாட்டு, வெளியே வரும் மூச்சில் மீதி. நான் சொல்வதும் அதே மூச்சுதான்.

நம் தமிழ் இந்த விஷயத்தில் மிகவும் மரியாதை தெரிந்த மொழி. 1578-இல் கொல்லத்தில் வந்த, தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகத்தின் தலைப்பே 'தம்பிரான் வணக்கம்'. பிறகு கடவுளைக் குறிக்க, தத்துவ போதகர் என்ற இயேசு சபைக் குருவின் காலத்தில் சர்வேசுரன், பப்பிரிசியுஸ் ஐயரின் வேதாகம மொழிபெயர்ப்பில் பராபரன், 1871-ஆம் வருட வேதாகமத்தில் தேவன், 1995-இல் வந்த திருவிவிலியத்தில் கடவுள். ஒரு சொல்லுக்காகச் சபைகள் தலைமுறை தலைமுறையாக வாதாடின. அதை வீண் சண்டை என்று நான் நினைக்கவில்லை. இலக்கணத்தையும் பாருங்கள். 'ஆவி' என்றால் தமிழில் அஃறிணை. 'அது வந்தது' என்றுதான் முடியும். மூவொரு கடவுளில் ஒருவரை அப்படிச் சொல்ல மனம் வராமல் ஆவியானவர் என்றோம், ஆவியார் என்றோம். சைவரும் வைணவரும் இறைவனை 'அவன்' என்று உரிமையோடு பாடுகிறார்கள். அது அவர்கள் வழி. நாம் 'அவர்' என்கிறோம். நேரே பேசும்போது 'நீர்'. பெங்களூருத் தமிழில் யாரை நாம் 'நீர்' என்கிறோம்? கடவுள் ஒருவரைத்தான்.

பிள்ளைக்குப் பெயர் வைப்பதிலும் அந்தக் கூச்சம் தெரியும். ஸ்பெயின் நாட்டில் இயேசு என்று அப்படியே பெயர் வைத்துவிடுவார்கள். நம்மால் முடியுமா? சேசுதாசன், சேசையா, சேசம்மாள். தாசனோ ஐயாவோ சேராமல் நமக்கு வாய் வராது. எங்கள் அடுத்த வீட்டு பாய் இயேசுவைப் பற்றிப் பேச்சு வந்தால் 'ஈசா அலைஹிஸ்ஸலாம்' என்பார், அவசரத்திலும் ஸலாமை விடமாட்டார். அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு உபதேசியார் நினைவுதான் வரும்.

இப்போது சற்றுக் கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டும். யூதர்கள் மோசேக்கு வெளிப்பட்ட அந்த நான்கெழுத்துப் பெயரை வாயால் சொல்வதில்லை. வாசிக்கும்போது அந்த இடத்தில் 'என் ஆண்டவர்' என்ற பொருளில் வேறு சொல்லைச் சொல்வார்கள். அந்த வழியில்தான் நம் வேதாகமத்தில் 'கர்த்தர்' என்றும் 'ஆண்டவர்' என்றும் வருகிறது. 2008-இல் வத்திக்கானின் திருவழிபாட்டுப் பேராயம் ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில், வழிபாட்டிலும் பாடல்களிலும் அந்தப் பெயரை உச்சரிக்க வேண்டாம் என்றது. எங்கள் பாடற்குழுவில் அன்று பெரிய முணுமுணுப்பு. நல்ல மெட்டு, அதில் அந்தப் பெயர் உச்சத்தில் வரும், விட மனமில்லை. ஒரு பையன் கேட்டான், "பேரைச் சொல்றதுதானே பாசம்? சொல்லாம இருக்கிறது எப்படி மரியாதை?"

அவனுக்கு என் ஆயாவைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

என் தாத்தா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பூமிக்குள்ளே மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போகிற சுரங்கம். வேலை முடிந்த பிறகு ஆயாவோடு நீலசந்திராவுக்கு, என் அப்பாவிடம் வந்து சேர்ந்தார். அவர் பெயர் சூசை. ஆயா அந்தக் காலத்து மனுஷி. புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். ரேஷன் ஆபீசில் 'கண்டன ஹெசரேனு?' என்று கன்னடத்தில் கேட்டால், என் முதுகைத் தட்டுவாள். நான் சொல்ல வேண்டும். தெருவில் அது எல்லாருக்கும் தெரிந்த கதைதான். சிக்கல் செபமாலையில். சேசு, மரி, சூசை என்று மூன்று பெயரும் சேர்ந்தே வருமே! தினமும் ராத்திரி ஏழரை மணிக்கு, மண்ணெண்ணெய் அடுப்பு வாசனையோடு, எங்கள் ஒற்றை அறையில் ஆயா தொடங்குவாள். 'சேசுவே' என்பாள், தலை தாழும். 'மரியே' என்பாள், தலை தாழும். அப்புறம் ஒரு மூச்சு. அந்த மூச்சில் மூன்றாவது பெயரை வாய் திறக்காமல் சொல்லி, தலையைத் தாழ்த்தி, 'வளத்த தகப்பனாரே' என்று முடிப்பாள். நாங்கள் பிள்ளைகள் அந்த மூச்சுக்காகக் காத்திருப்போம். வீட்டில் அவ்வளவு அமைதியான நேரம் வேறு கிடையாது. சுவரோரம் தாத்தா உட்கார்ந்திருப்பார், அவரும் தலையைத் தாழ்த்திக்கொள்வார்.

பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்ற பழக்கம் திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் மகள் தன் கணவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் சொல்லாத பெயர் மறந்த பெயர் இல்லை என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவள் ஆயா. ஒரு பெயர் நாக்கின் நுனி வரை வந்து நிற்கலாம், நின்று கனக்கலாம். பாடற்குழுப் பையன் கேட்டுக்கொண்டிருந்தான். மறுவாரம் அந்த இடத்தில் 'ஆண்டவரே' என்று பாடினார்கள். மெட்டு கெடவில்லை.

ஆயா கிழிந்த ஜெபப் புத்தகத்தின் ஒரு தாளையும் குப்பையில் போட்டதில்லை. குருத்தோலையைச் சாம்பலாக்குகிறோமே, அப்படி ஒரு பழைய சட்டியில் எரித்து, துளசிச் செடிக்குப் போடுவாள். போண்டா வந்த தாளையும் நான் அப்படித்தான் செய்தேன். நேயர்களே, காலண்டரை எடைக்குப் போடாதீர்கள். இதை இன்னொரு முறையும் சொல்கிறேன், எடைக்குப் போடாதீர்கள்.

தாத்தாவை ஓசூர் ரோடு கல்லறையில் அடக்கம் செய்துவிட்டு வந்த ராத்திரி, வீடு நிறையச் சனம். தங்கவயலிலிருந்து வந்தவர்கள், தெருக்காரர்கள், வாசலில் பாய் குடும்பம். ஆயாதான் செபமாலை தொடங்கினாள். சேசுவே என்றாள். மரியே என்றாள். பிறகு அந்த மூச்சு. நாங்கள் வழக்கம்போலத் தலையைத் தாழ்த்திக்கொண்டு 'வளத்த தகப்பனாரே' வரக் காத்திருந்தோம்.

"சூசையே" என்றாள்.