அறவோர் வருகையும் அரசின் கதவும்

(புக்கிட் ரம்பாய் ஆலயத் திருவிழாவையொட்டி நிகழ்ந்த சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

திருமறைக்காட்டுக் கதவின் வரலாறு சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததே. வேதங்கள் பூசித்துத் திருக்காப்பிட்ட அக்கதவு நெடுங்காலம் அடைபட்டே கிடந்தது. அடியார்கள் வேறொரு வாயில் வழியே சென்று வழிபட்டு வந்தனர். அப்பரும் சம்பந்தரும் அத்தலத்திற்கு எழுந்தருளினர். அப்பர் பெருமான் கதவு திறக்க வேண்டிப் பதிகம் பாடினார். கதவு உடனே திறக்கவில்லை. பாடல்மேல் பாடலாகப் பாடி, இறைவனிடம் இரக்கம் வேண்டி முறையிட்ட பின்னரே திறந்தது. சம்பந்தர் பாடிய முதற்பாடலிலேயே மீண்டும் அடைத்தது. தமக்குக் கதவு காலந்தாழ்த்தித் திறந்ததை எண்ணி நாவுக்கரசர் உள்ளம் வருந்தினார் என்று பெரியபுராணம் கூறுகிறது.

இதில் ஆழ்ந்த உண்மை ஒன்று அடங்கியுள்ளது. கதவு அடைபட்டிருப்பது ஒரு துயரம். திறக்குமா, திறவாதா என்று அறியாமல் வாயிலில் காத்து நிற்பது அதனினும் பெருந்துயரம். இறைவன் காட்டிய தாமதத்தில் ஓர் அருள் இருந்தது. மனிதர் நடத்தும் அரசுகள் காட்டும் தாமதத்தில் எது இருக்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

மலாக்கா மண்ணில் நின்று இதனைச் சிந்திப்பது மிகப் பொருத்தமாகும். பருவக்காற்றை அறிந்து பாய்மரக் கப்பல்களில் வந்த வணிகரோடு சமயங்களும் இத்துறைமுகத்தில் வந்திறங்கின. இஸ்லாம் வந்தது, பௌத்தமும் தாவோ நெறியும் வந்தன. 1545-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் சேவியர் இங்கு வந்து கிறிஸ்துவத்தைப் போதித்தார். மலாக்காச் செட்டிகளின் முன்னோர் சைவத்தைப் போற்றி வளர்த்தனர். 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயமும், கம்போங் கிளிங் பள்ளிவாசலும், செங் ஹூன் தெங் ஆலயமும் இன்றும் ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கின்றன. அன்று துறைமுகத்தின் வாயிலாக அறம் வந்தது. இன்றோ அதே அறம் கடப்பிதழும் விசாவும் ஏந்திக் குடிநுழைவுத் துறையின் முகப்பில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

எல்லையைக் காப்பது அரசின் கடமை. அதனை மறுப்பார் எவருமில்லை. காவி உடுத்தோர் அனைவரும் துறவியர் அல்லர். பகைமையை விதைக்க வருவோரைத் தடுக்கவும் அரசுக்கு உரிமை உண்டு. ஆயினும் நாட்டின் குடிமக்கள் கூடி, அறவோர் ஒருவரை முறைப்படி அழைக்கும்போது அரசு எவ்வாறு விடையளிக்க வேண்டும்? விடை கிடைக்காதபோது மக்கள் எவ்வாறு கேட்க வேண்டும்? இவ்விரு கேள்விகளுக்கும் தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்ததோர் உண்மை வரலாறு பாடமாக அமைந்துள்ளது.

தென்னாப்பிரிக்கா தமிழர்க்கு அயல்நாடு அன்று. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிச் சென்ற துரூரோ என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைத்த அம்மக்கள், மலாயாவின் பால்மரக் காடுகளில் உழைத்தோர்க்கு உடன்பிறப்புகள் போன்றோர். அந்நாட்டில்தான் காந்தியடிகள் 1906-இல் அறப்போரைத் தொடங்கினார். இந்தியர் கையில் வைத்திருக்க வேண்டிய பதிவுச் சான்றுகளில் 2,000-க்கும் மேற்பட்டவை 1908-இல் ஜோகன்னஸ்பர்க் நகரத்து ஹமீதியா பள்ளிவாசல் வளாகத்தில் தீயிலிடப்பட்டன. இசைவுச் சீட்டின்றி மாநில எல்லையைக் கடந்து சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை, நோயுற்று விடுதலையாகி, 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள், 16 வயதில் உயிர் நீத்தார். எல்லையில் கேட்கப்படும் ஒரு துண்டுக் காகிதத்தால் எளியோர் படும் துன்பத்தை அந்நாட்டைப் போல் அறிந்த நாடு அரிது.

அத்தகைய நாடு 1994-இல் இனவெறி ஆட்சியிலிருந்து விடுபட்டது. திபெத்திய பௌத்தர்களின் தலைவராகிய தலாய் லாமா 1996-இல் அங்குச் சென்றபோது அதிபர் நெல்சன் மண்டேலா அவரைச் சந்தித்து உரையாடினார். 1999-இல் கேப்டவுன் நகரில் கூடிய உலகச் சமயங்களின் பேரவைக்கும், பின்னர் 2004-இலும் அவர் சென்று வந்தார். அதுவரை கதவு திறந்தே இருந்தது.

பின்னர்க் காலம் மாறியது. 1998 தொடக்கத்தில் சீன மக்கள் குடியரசோடு அரச உறவு கொண்ட தென்னாப்பிரிக்கா, வணிகத்திலும் அதனோடு நெருங்கியது. 2009-இல் சீனா அந்நாட்டின் முதற்பெரும் வணிகக் கூட்டாளியாயிற்று. திபெத்தைப் பிரிக்க முயல்பவர் தலாய் லாமா என்பது சீன அரசின் குற்றச்சாட்டு. தாம் கேட்பது தனிநாடன்று, சீனாவிற்குள் தன்னாட்சியே என்பது அவருடைய விடை. இவ்வழக்கின் இடையே தென்னாப்பிரிக்க அரசு சிக்கிக்கொண்டது.

2009 மார்ச் மாதம் ஜோகன்னஸ்பர்க்கில் ஓர் அமைதி மாநாடு நடைபெறவிருந்தது. தலாய் லாமாவுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. 2010-இல் நடக்கவிருந்த உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டிக்கான ஏற்பாடுகளிலிருந்து மக்களின் கவனம் திரும்பிவிடும் என்பது அரசு தரப்பு கூறிய காரணம். பேராயர் டெஸ்மண்ட் டூட்டூவும் முன்னாள் அதிபர் டி கிளர்க்கும் மாநாட்டிலிருந்து விலகினர். சுகாதார அமைச்சர் பார்பரா ஹோகன், அமைச்சரவையில் இருந்துகொண்டே அம்முடிவை வெளிப்படையாகக் கண்டித்தார். மாநாடு ஒத்திவைக்கப்பட்டது.

2011-இல் நிகழ்ந்ததே பெரும் பாடம். அவ்வாண்டு அக்டோபர் 7-ஆம் நாள் டூட்டூவுக்கு 80 வயது நிறைந்தது. 1984-இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற அக்கிறிஸ்துவப் பேராயர், 1989-இல் அதே பரிசைப் பெற்ற தம் பௌத்த நண்பரைப் பிறந்தநாள் விழாவுக்கும், தம் பெயரால் அமைந்த அமைதிச் சொற்பொழிவுக்கும் அழைத்தார். அதே பயணத்தில் மகாத்மா காந்தியின் பெயரால் அமைந்த ஒரு விருதும் அவருக்கு வழங்கப்படவிருந்தது. கிறிஸ்துவர் அழைக்க, பௌத்தர் வர, இந்துவாகப் பிறந்த மகானின் பெயரால் மாலை சூட்டப்படவிருந்த அரியதொரு வாய்ப்பு அது.

அரசு இசைவு தரவில்லை, மறுக்கவும் இல்லை. விண்ணப்பம் முறைப்படி பரிசீலிக்கப்படுகிறது என்ற ஒரே மறுமொழி வந்துகொண்டிருந்தது. நாள்கள் நகர்ந்தன. மக்கள் வாளாவிருக்கவில்லை. கேப்டவுனில் நாடாளுமன்றத்தின் முன் இரவு வழிபாட்டுக்கூட்டம் நடத்தினர். பல்கலைக்கழகத்தார் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். ஆளுங்கட்சியின் தோழமை அமைப்பாகிய தொழிற்சங்கப் பேரவையின் மேற்குக் கேப் மாநிலக் கிளையும், வணிகத்திற்காக ஒழுக்கத்தை விலைபேசக் கூடாது என்று எடுத்துரைத்தது. அக்டோபர் 4-ஆம் நாள், பயணம் கைவிடப்பட்டதாகத் தலாய் லாமாவின் அலுவலகம் அறிவித்தது. அன்று டூட்டூ கொண்ட சினம் உலகறிந்தது. இனவெறி ஆட்சியிடம் இத்தகைய செயலை எதிர்பார்த்திருக்கலாம், மக்கள் போராடி அமைத்த அரசிடம் எதிர்பார்க்கவில்லை என்ற பொருள்பட அவர் மனம் குமுறினார்.

அக்டோபர் 8-ஆம் நாள் இரு பெரியோரும் திரையின் வழியே உரையாடினர். தங்கள் தொண்ணூறாம் பிறந்தநாளுக்கும் அழைப்பு அனுப்புங்கள், அப்போது உங்கள் அரசைச் சோதித்துப் பார்க்கலாம் என்று தலாய் லாமா நகைத்தவாறே கூறினார்.

மக்கள் அத்தோடு நிற்கவில்லை. விழா முடிந்தபின் விசா எதற்கு என்று கேட்டோர் உண்டு. ஆயினும் மாங்கோசுத்து புத்தெலேசி, மொசியுவா லெகோட்டா என்னும் இரு கட்சித் தலைவர்கள் வழக்கை நீதிமன்றத்தில் நடத்தினர். கீழ்நிலையில் அது தள்ளுபடியாயிற்று. அவர்கள் மேல்முறையீடு செய்தனர். 2012 நவம்பர் மாதம் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றைய உள்துறை அமைச்சர் முடிவெடுக்காமல் நியாயமின்றிக் காலந்தாழ்த்தினார், அது சட்டத்திற்குப் புறம்பானது என்பதே தீர்ப்பின் சாரம். முடிவெடுப்பதைத் தவிர்ப்பதற்காகவே வேண்டுமென்று தாமதம் செய்யப்பட்டது என்ற முடிவுக்கே சான்றுகள் இட்டுச் செல்கின்றன என்றும் நீதிபதிகள் கண்டனர்.

மெய்யன்பர்களே! இத்தீர்ப்பின் நுட்பத்தை உணர வேண்டும். விசா கொடுத்தே தீர வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிடவில்லை. ஆம் என்பதோ இல்லை என்பதோ அரசின் உரிமை. ஆனால் வாய்மூடி இருந்து காலத்தைக் கொல்வது உரிமையாகாது என்றே உணர்த்தியது. மறுப்பு வந்தால் காரணம் கேட்கலாம், வழக்காடலாம், வேறு வழி தேடலாம். மௌனத்தை எதிர்த்து என்ன செய்வது? நாள் கடந்தபின் திறக்கும் கதவு, திறவாத கதவே ஆகும்.

அரசின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்திருக்கலாம். ஒரு விருந்தினருக்காக ஒரு பெருநாட்டின் நட்பை இழந்தால், அதனால் வருந்துவோர் ஏழைத் தொழிலாளரே எனலாம். அந்தக் கவலையை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. அவ்வாறாயின் அதனை மக்கள் முன் வைத்து, பழியையும் ஏற்றுக்கொள்ளும் துணிவு வேண்டும். இதற்கு மாறானதோர் எடுத்துக்காட்டும் உண்டு. 2009 ஆகஸ்ட் மாதம் தைவான் தீவை மொராகோட் புயல் தாக்கியது. சியாவ்லின் என்னும் ஒரு சிற்றூரே மண்ணில் புதைந்தது. உயிரிழந்தோர்க்காக வழிபாடு நடத்தத் தலாய் லாமாவை அழைக்க வேண்டுமெனத் தென்பகுதி உள்ளாட்சித் தலைவர்கள் எழுவர் வேண்டினர். சீனாவோடு நல்லுறவை நாடி, முந்திய ஆண்டு அவர் வருகைக்கு இணங்காதிருந்த அதிபர் மா இங் ஜியோ, மறுநாளே இசைந்தார். சீனா எதிர்ப்புத் தெரிவித்தது. ஆயினும் துயருற்ற மக்கள் ஆறுதல் பெற்றனர்.

தென்னாப்பிரிக்காவிலோ 2014-இலும் கதவு திறக்கவில்லை. கேப்டவுனில் கூடவிருந்த நோபல் அமைதிப் பரிசாளர் மாநாட்டிற்குத் தலாய் லாமா வர இயலாதென்று அறிந்ததும் பரிசாளர் பலர் வர மறுத்தனர். மாநாடு அவ்வாண்டு டிசம்பரில் ரோமாபுரிக்கு மாறியது. நண்பர் வர இயலாததால் 2015-இல் டூட்டூவே தரம்சாலாவுக்குச் சென்று அவரோடு சில நாள்கள் தங்கினார். 2021-இல் டூட்டூவுக்கு 90 வயது நிறைந்தது. அவ்வாண்டு டிசம்பர் 26-ஆம் நாள் அவர் மறைந்தார். நண்பர் அவர் நாட்டிற்கு மீண்டும் வரவே இல்லை.

கேட்டது கிடைக்கவில்லை. எனினும் கேட்டது வீண்போகவில்லை. நியாயமற்ற தாமதம் சட்டத்திற்குப் புறம்பானது என்னும் நீதி நிலைத்தது. நாளை அதே அலுவலகத்தின் வாயிலில் நிற்கும் பெயரறியா ஏழைக்கும் அந்நீதி துணை நிற்கும்.

இவ்வரலாறு மலேசிய ஆலயங்களுக்கும் உரியதே. குருக்கள், ஓதுவார், ஸ்தபதி, நாதஸ்வர தவில் கலைஞர், சமயச் சொற்பொழிவாளர் ஆகியோரைத் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரவழைக்கும் ஆலயத்தார், திருவிழா நாள் நெருங்க நெருங்க அனுமதிக்காகக் காத்திருக்கும் தவிப்பை நன்கறிவர். குடமுழுக்கு நாளைப் பஞ்சாங்கம் குறித்துவிடுகிறது. கோப்பு நகரும் நாளைக் குறிப்பார் யார்? மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் 11-ஆவது விதி, ஒவ்வொரு சமயக் குழுவும் தன் சமயக் காரியங்களைத் தானே நடத்தும் உரிமையை வழங்குகிறது. எல்லையில் எவரையும் அனுமதிக்க வேண்டுமென்று அது கூறவில்லை. ஆனால் மரியாதையோடு கேட்கவும் தெளிவான விடையை எதிர்பார்க்கவும் சமயத்தார்க்கு அது ஊக்கமளிக்கிறது.

ஆதலின் ஆலயத்தார் கடைப்பிடிக்கத் தக்கவை மூன்று. முதலாவது, விண்ணப்பத்தைக் குறைவின்றியும் காலத்தோடும் அளித்து, கொடுத்த நாளுக்கும் பெற்ற மறுமொழிக்கும் ஆவணம் வைத்திருத்தல். தம் பக்கத் தாமதத்தை நீக்கியவர்க்கே பிறர் தாமதத்தைக் கேட்கும் தகுதி உண்டு. இரண்டாவது, முகவரையும் செல்வாக்குடையோரையும் நாடிப் பின்வாயில் தேடாமல், எழுத்து வடிவில் முடிவைக் கேட்டல். மூன்றாவது, கூடிக் கேட்டல். 1965-இல் தோன்றிய மலேசிய இந்து சங்கமும், 1983-இல் பௌத்த, கிறிஸ்துவ, இந்து, சீக்கிய சமயத்தார் இணைந்து அமைத்து, பின்னர்த் தாவோ சமயத்தாரும் சேர்ந்த ஆலோசனை மன்றமும் இதற்கெனவே உள்ள மேடைகள். அண்டை வீட்டுச் சமயத்தாரின் விருந்தினர்க்கு இடையூறு நேரும்போதும் இந்துக்கள் குரல் கொடுக்க வேண்டும். ஒரு பௌத்தருக்காகக் கிறிஸ்துவப் பேராயர் வாதாடியதனாலேயே அவர் குரல் உலகெங்கும் ஒலித்தது.

விருந்தோம்பலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தவர் திருவள்ளுவர். தோட்டப்புறத்துச் சிற்றாலயத்திலும் அன்னதானப் பந்தியில் வந்தவர் யாவர் என்று கேட்ட பின்னர் இலை போடும் வழக்கம் இல்லை. அவ்வறத்தை அரசின் வாயிலிலும் பணிவோடும் உறுதியோடும் எடுத்துரைப்பது ஆலயத் தொண்டின் ஒரு பகுதியே. நாவுக்கரசர் ஒரு பாடலோடு திரும்பிச் சென்றிருந்தால் திருமறைக்காட்டுக் கதவு திறந்திராது.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் அனைவர்க்கும் துணை நிற்பதாக.