நாற்பத்தொரு மூட்டை நெல்

(மகாவீர் ஜெயந்தி விழாவையொட்டிப் பாடியில் நடைபெற்ற அறக்கட்டளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களைப் பற்றி அறிஞர் பெருமக்கள் இம்மேடையில் ஆண்டுதோறும் விரித்துரைக்கக் கேட்டிருக்கிறோம். எனக்கு அத்தகைய புலமை இல்லை. இப்பாடியில் உள்ள ஓர் ஆலையின் உணவகத்தில் முப்பதாண்டுக் காலம் பண்டகக் கணக்குப் பார்த்தவன் நான். ஆகார தானத்தில் அரிசி எத்தனை கிலோ, பருப்பு எத்தனை கிலோ என்னும் இடத்தில் மட்டுமே எனக்குப் பேச உரிமை உண்டு. இவ்வட்டாரத்தில் குறைந்த கட்டணத்தில் நடைபெறும் ஒரு சிறு பள்ளியின் நூறு பிள்ளைகளுக்கு மதிய உணவு அளிக்கலாமா என்று நம் அறக்கட்டளை ஆலோசித்து வருகிறது. அதைக் குறித்தே பேசுமாறு என்னைப் பணித்தார்கள்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் உணவகம் அமைக்க விதி வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அளித்திருந்தது. அதனால் பாடி, அம்பத்தூர்ப் பகுதிகளின் பெரிய ஆலைகளில் தொழிலாளி நண்பகலில் சுடச்சுட உண்கிறார். அதே தொழிலாளியின் மகள் அரசுப் பள்ளியில் பயின்றால் அவளுக்கும் உணவு உண்டு. தனியார் பள்ளியில் பயின்றால் இல்லை. ஆங்கில வழிக் கல்விக்காக வயிற்றைக் கட்டிக் கட்டணம் செலுத்தும் பெற்றோர், விடியலில் வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் ஒரு பொட்டலம் சிப்ஸ் வாங்கப் பணம் கொடுத்தனுப்புகிறார்கள். அப்பள்ளியில் நான் பார்த்த மதிய வேளை இத்தகையதே.

பிள்ளைக்குச் சோறிட்டுப் பாடம் சொல்லும் எண்ணம் இந்நகரத்துக்குப் புதியதன்று. 1920இல் சென்னை மாநகராட்சித் தலைவராயிருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் சிற்றுண்டி வழங்க மன்றத்தின் ஒப்புதல் பெற்றார். மாணவர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட வேண்டும் என்பது ஏற்பாடு. திட்டம் வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது. பிள்ளைகளின் வருகையும் கூடியது. ஆயினும் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட அன்றைய அரசு இசையாமையால் 1925இல் அது நின்றுபோயிற்று. பிள்ளைகள் பசியாறி விட்டதால் நிற்கவில்லை. நிதிக்கு உறுதி இல்லாததால் நின்றது. இதை நம் குழுவினர் மனத்தில் இருத்த வேண்டுகிறேன். பின்னர் 1956இல் காமராசர், 1982 சூலை 1இல் எம்.ஜி.ஆர்., 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2024இல் நம் அண்டை மாவட்டத்துக் கீழச்சேரியில் அது ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது என வரலாறு நீள்கிறது. அவையெல்லாம் நீங்கள் அறிந்தவையே.

இனிக் கணக்குக்கு வருகிறேன். மத்திய அரசின் விதிப்படி தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய் வேண்டும். இதில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும் என்பது அளவு. நூறு பிள்ளைக்கு நாளொன்றுக்குப் பத்துக் கிலோ அரிசி, இரண்டு கிலோ பருப்பு, ஐந்து கிலோ காய், அரைக் கிலோ எண்ணெய். ஆண்டில் 200 பள்ளி நாள்கள் என்று கொண்டால் இரண்டு டன் அரிசி, 400 கிலோ பருப்பு, ஒரு டன் காய்கறி, நூறு கிலோ எண்ணெய். விலையை நான் சொல்லப்போவதில்லை. மலர் அச்சேறுவதற்குள் அது மாறிவிடும்.

இரண்டு டன் அரிசி என்றதும் சிலர் மலைத்தார்கள். நம்மில் பலர் வந்தவாசி, ஆரணி, போளூர்ப் பக்கத்து நிலக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அல்லவா? நூறு கிலோ நெல்லுக்கு அறுபத்தைந்து கிலோ அரிசி தேறும் என்று வைத்தால், 75 கிலோ மூட்டையில் நாற்பத்தொரு மூட்டை நெல். இவ்வளவே. ஊரில் நவரை அறுவடை நடக்கும் இவ்வேளையில் நாற்பத்தொரு குடும்பம் ஆளுக்கொரு மூட்டை ஒதுக்கினால் ஓராண்டு அரிசி களத்திலேயே முடிந்துவிடும்.

கடினமானது அரிசியன்று. அன்னதானத்துக்கு அரிசி தருவோர் நம்மிடையே குறைவில்லை. சமைப்பவரின் ஊதியம், எரிவாயு உருளை, பாத்திரம் துலக்கும் கூலி, சோப்பு ஆகியவற்றுக்குக் கேட்டால் முகங்கள் வேறு பக்கம் திரும்புகின்றன. அவற்றில் பெயர் பொறிக்க இடமில்லை என்பது காரணமாயிருக்கலாம். ஒரே நாளில் ஆயிரம் பேருக்கு வடை பாயசத்தோடு விருந்திடுவதை நான் குறை கூறவில்லை. அப்பிள்ளைக்கு மறுநாளும் பசிக்கும்.

அடுத்து, சற்றுத் தயக்கத்தோடு ஒன்றைச் சொல்கிறேன். அரசுப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் முட்டை உண்பதில்லை. அவர்களுக்கு மாற்றாக வாழைப்பழம் அளிக்கிறார்கள். கொள்கை காக்கப்பட்டது என்று நாம் நிறைவடைகிறோம். ஆனால் ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. ஒரு வாழைப்பழத்தில் ஒரு கிராம் அளவே உண்டு. எஞ்சிய ஐந்து கிராமை வீட்டில் நாம் ஈடு செய்கிறோமா என்று தாய்மார்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பிறர் பிள்ளைகளின் தட்டிலிருந்து முட்டையை எடுக்கச் சொல்லும் உரிமை நமக்கு இருப்பதாக நான் கருதவில்லை. நம் பிள்ளையின் தட்டை நிறைக்கும் கடமை நமக்கு உண்டு.

அதற்கு வழி நம் ஊர்க் கொல்லையிலேயே இருக்கிறது. மல்லாட்டை! 25 கிராம் மல்லாட்டைப் பயறில் 6 கிராம் புரதம் உண்டு. வெல்லப்பாகு சேர்த்து உருண்டை பிடித்தால் எந்தப் பிள்ளையும் மறுக்காது. முட்டையின் புரதம் இதைவிட முழுமையானது என்பது உண்மை. மல்லாட்டையில் குறைவாயுள்ள லைசின் பருப்பில் நிறைந்திருப்பதால், சாம்பார்ச் சோற்றோடு சேரும்போது அக்குறை பெரிதும் நீங்கும். பி12 என்னும் உயிர்ச்சத்து தாவர உணவில் இல்லை. ஆதலின் மோரோ தயிரோ நாள்தோறும் வேண்டும். பூஞ்சணம் பிடித்த பயறு நஞ்சு. பொறுக்கித் தள்ளாமல் வறுக்கலாகாது. மல்லாட்டை ஒவ்வாத பிள்ளை உண்டா என்பதையும் முன்னரே பெற்றோரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

வெங்காயமும் பூண்டும் இன்றிச் சமைத்தால் பிற வீட்டுப் பிள்ளைகள் உண்பார்களா என்று கேட்டார்கள். பெருங்காயமும் வறுத்தரைத்த தனியாவும் இருந்தால் உண்பார்கள். நம் அடுக்களை நம் முறைப்படி நடக்கட்டும். ஆனால் பந்தியில் நின்று பிள்ளைகளுக்கு உபதேசம் செய்ய வேண்டாம், பதாகையும் வேண்டாம். பசித்த பிள்ளை நம் பேச்சைக் கேட்கக் கடமைப்பட்டதன்று.

காப்பு முறைகளைப் பற்றிக் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. 2004 சூலை 16இல் கும்பகோணத்துப் பள்ளியில் மதிய உணவு சமைத்த இடத்துத் தீ கூரைக் கீற்றில் பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். 2013இல், அதே சூலை 16ஆம் நாள், பீகாரில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பூச்சிமருந்து கலந்த எண்ணெயால் 23 குழந்தைகள் மாண்டனர். ஆதலின் கீற்றுக் கொட்டகையில் அடுப்பு கூடாது. அடுக்களை வகுப்பறைக்குத் தள்ளியே இருக்க வேண்டும். உதிரி எண்ணெய் வாங்கவே கூடாது. ஒவ்வொரு நாளும் பிள்ளைகளுக்கு முன்பாக ஒரு பெரியவர் உண்டு பார்க்க வேண்டும்.

என் பணிக்காலத்தில் ஒரு கோடை நாள் நினைவுக்கு வருகிறது. பந்தி தாமதமாயிற்று, சாம்பார் அண்டா மூன்று மணி நேரம் வெதுவெதுப்பிலேயே கிடந்தது. மீண்டும் கொதிக்க வைக்கச் சொல்ல வேண்டியவன் நான். எரிவாயுக் கணக்கை எண்ணிச் சொல்லாமல் விட்டேன். அன்று மாலை பதினேழு பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். எல்லாரும் நலமாகத் திரும்பினர். ஆயினும் அந்த எண்ணிக்கை என்னை விட்டுப் போகவில்லை. அவர்கள் வளர்ந்த ஆண்கள். நாம் சோறிடப்போவது ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு. சமைத்ததைச் சூடு ஆறுமுன் பரிமாறிவிட வேண்டும். எஞ்சியதை மறுநாளைக்கு வைக்கலாகாது. நீரை வடித்துக் காய்ச்சும் நம் இல்லத்து வழக்கத்தை அங்கும் அப்படியே கைக்கொள்ளலாம்.

பள்ளி நிர்வாகம் இசைந்துவிட்டது. சூன் மாதத் திறப்பன்று தொடங்குவதாயின் மே முடிவதற்குள் நெல் அரவைக்குப் போக வேண்டும். இதுவரை பதினெட்டு மூட்டைக்கு வாக்குக் கிடைத்திருக்கிறது. எஞ்சிய இருபத்துமூன்றுக்கான ஏடு வாயிலருகே மேசைமேல் உள்ளது. நெல் தர இயலாதவர்கள் அடுத்த பக்கத்தில் பாத்திரம் துலக்கும் அம்மையாரின் ஒரு மாதக் கூலிக்குப் பெயர் எழுதலாம். காலையில் நான் பார்த்தபோது அப்பக்கம் வெறுமையாகவே இருந்தது.