தந்தையின் கையில் தோழனின் நாளிதழ்

பிரெஞ்சு ஓவியர் பால் செசான் தம் 27ஆம் வயதில், 1866இல், தீட்டிய தந்தையின் உருவப்படம், குடும்பமும் நட்பும் கலையும் ஓர் இளைஞரை எத்தனை பக்கம் இழுத்தன என்பதை ஒரே சட்டத்துக்குள் காட்டுகிறது.

தந்தை லூயி ஒகுஸ்த், தென் பிரான்சின் எக்ஸ் நகரில் தொப்பி வணிகராகத் தொடங்கி, வங்கி நடத்தும் அளவுக்கு உயர்ந்தவர். அவர் மகனைச் சட்டம் படிக்க வைத்ததில் வியப்பில்லை. பள்ளித் தோழரும் பின்னாளில் பெரும் நாவலாசிரியராகப் புகழ் பெற்றவருமான எமில் ஜோலாவோ, பாரிசுக்கு வந்துவிடும்படி கடிதம் மேல் கடிதம் எழுதினார். 1861இல் தந்தையின் இசைவோடு பாரிஸ் சென்ற செசான், சில மாதங்களிலேயே மனம் சோர்ந்து ஊர் திரும்பி, தந்தையின் வங்கியிலேயே வேலைக்கு அமர்ந்தார். ஆனால் அங்கும் மனம் ஒட்டாமல் 1862இல் மீண்டும் பாரிசுக்குப் புறப்பட்டார். அங்கே அவரை வாழவைத்தது தந்தை அனுப்பிய பணமே.

ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரமுள்ள அப்படத்தில், வண்ணம் குழைக்கும் கத்தியால் சாந்து பூசுவதுபோல் அழுத்தி அப்பிய வண்ணத்தில், தந்தை பெரிய நாற்காலியில் அமர்ந்து நாளிதழில் ஆழ்ந்திருக்கிறார். அதன் பெயர் 'லெவென்மான்' என்று தெளிவாகத் தெரிகிறது. 'சலோன்' எனப்படும் அரசு சார்ந்த ஆண்டுக் கண்காட்சி செசானின் படத்தை ஒதுக்கிய அதே 1866இல், அதன் தேர்வுக் குழுவைக் கண்டித்து ஜோலா எழுதிய கட்டுரைகள் இவ்விதழில்தான் வெளிவந்தன. ஆகவே அதைத் தந்தையின் கையில் கொடுத்தது தற்செயலாக இருக்க முடியாது. நாற்காலிக்குப் பின்னால், சுவரில், சர்க்கரைக் கிண்ணமும் பேரிக்காய்களும் நீலக் கோப்பையும் கொண்ட சிறு படம் ஒன்று தொங்குகிறது. பழம், பாத்திரம் போன்ற அசைவற்ற பொருள்களைத் தீட்டும் வகையைச் சேர்ந்த அது செசானே வரைந்தது. தந்தை அதற்கு முதுகு காட்டி அமர்ந்திருப்பதே இப்படத்தின் உயிர்.

தந்தையைப் பற்றிய அச்சம் செசானை நெடுங்காலம் விடவில்லை. ஒர்தான்ஸ் ஃபிகே என்னும் பெண்ணோடு வாழ்ந்து, 1872இல் மகனும் பிறந்த பின்னரும், பணம் நின்றுவிடுமோ என்று அக்குடும்பத்தைத் தந்தையிடமிருந்து மறைத்தே வைத்தார். 1878இல் கடிதம் ஒன்றைப் பிரித்துத் தந்தை உண்மையறிந்து உதவித்தொகையைக் குறைத்தபோது, ஒர்தான்சுக்கு மாதம் 60 பிராங்க் அனுப்பிக் காத்தவர், பாரிசுக்கு அழைத்த அதே ஜோலா.