இளைப்பு இல்லாத நாளின் வைத்தியம்

(ஒவ்வாமை மற்றும் சுவாச நோய்கள் குறித்த கருத்தரங்கில் ஆற்றிய தலைமை உரை, கோயம்புத்தூர்)



நிகழ்ச்சி நிரலை நேற்று இரவு படித்துப் பார்த்தேன். விலை உயர்ந்த உயிரியல் ஊசி மருந்துகளுக்கு ஓர் அமர்வு முழுவதையும் ஒதுக்கியிருக்கிறார்கள். இன்ஹேலர் பிடிக்கும் முறைக்குச் சாப்பாட்டு மணிக்கு முன்னால் கால் மணி நேரம். தலைமை தாங்குகிறவனுக்கு உள்ள ஒரே அதிகாரம் இந்த உரைதான். அதை வைத்து அந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றிப் போடப் பார்க்கிறேன்.

உலக நோய்ச் சுமை குறித்த 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டை இங்கே பலரும் படித்திருப்பீர்கள். உலகத்து ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 13 சதவீதம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆஸ்துமாவால் ஏற்படும் சாவுகளிலோ 40 சதவீதத்துக்கு மேல் நம் நாட்டில் நடக்கின்றன. மருந்து இல்லாமல் சாகிறார்கள் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. இன்ஹேலரை நாமே செய்கிறோம், வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறோம். பிறகு ஏன்? என் பதில் இதுதான்: இந்த நோயை நாம் பார்க்கும் நேரம் தப்பு.

ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவர் வருகிறார். நெபுலைசர் வைக்கிறோம், தியோஃபிலின் வகை ஊசி ஒன்று, டெக்ஸாமெத்தசோன் ஒன்று. விடியும்போது நெஞ்சு லேசாகிவிடுகிறது. மூன்று நாள் மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்புகிறோம். அடுத்து அவரைப் பார்ப்பது அடுத்த இளைப்பின்போதுதான். நடுவில் உள்ள வாரங்களில் அவர் நம் கணக்கில் நோயாளியே இல்லை. ஆனால் மூச்சுக் குழாயின் உள்சுவர் அந்த வாரங்களிலும் வீங்கியேதான் இருக்கிறது. சால்பியூட்டமால் குழாயைச் சுற்றியுள்ள தசையை நாலைந்து மணி நேரம் தளர்த்தும், வீக்கத்தைத் தொடாது. வீக்கத்துக்கு மருந்து உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு. அதை எடுக்கவேண்டியது நன்றாக இருக்கும் நாளில். நம் ஆட்கள் கேட்பதும் நியாயமான கேள்விதான்: “ஏனுங்க டாக்டர், ஊசி போட்டா நின்னு போகுதுங்க, அப்புறம் எதுக்குங்க தினமும் மருந்து?” அதற்கு உட்கார்ந்து பதில் சொல்ல நமக்கு நேரம் இருப்பதில்லை. அதனால் அந்தக் கேள்வியோடேயே அவர் வீட்டுக்குப் போகிறார்.

நிவாரண மருந்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1960களில் பிரிட்டனில் வீரியம் கூடிய ஐசோபிரினலின் இன்ஹேலர்கள் பரவலான காலத்தில் ஆஸ்துமா சாவுகள் எகிறின. 1970களின் பிற்பகுதியில் நியூசிலாந்தில் மறுபடியும் அதே கதை. அங்கே ஃபெனோடெரால் மருந்தைக் கட்டுப்படுத்தியதும் சாவுகள் இறங்கின. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்து மருந்துப் பதிவேடுகளை வைத்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. முந்தைய ஓராண்டில் கூடுதலாக வாங்கிய ஒவ்வொரு ஸ்டீராய்டு இன்ஹேலருக்கும் ஆஸ்துமாவால் சாகும் விகிதம் 21 சதவீதம் குறைந்திருந்தது. ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டுதல் குழுவான ஜீனா, சால்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுக்கவேண்டாம் என்று 2019இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. நம் மருந்துக் கடைகளில் இன்றைக்கும் தனியாகக் கைமாறுவது அதுதான்.

“பம்பு வெச்சாப் பழகிரும்”, “அது கடைசி மருந்து” என்ற பயம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அறிவுரை சொல்லி அதைப் போக்கமுடியாது. கணக்குப் போட்டுக் காட்டலாம். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம், இன்ஹேலரை ஒரு தடவை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். ஆக, ஒரு மாத்திரையில் நாற்பது அழுத்தல்களின் மருந்து இருக்கிறது. இளைப்பு முற்றினால் நாம் எழுதும் பிரெட்னிசலோன் ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம். பூடெசனைடு இன்ஹேலரில் ஓர் அழுத்தலுக்கு 200 மைக்ரோகிராம் என்றால், எடையில் அது இருநூறில் ஒரு பங்கு. இரண்டும் வெவ்வேறு மருந்துகள், வீரியமும் வேறு என்று மருந்தியல் பேராசிரியர்கள் எழுந்து நிற்பார்கள். சரிதான். ஆனால் புறநோயாளிகள் பிரிவில் ஒரு துண்டுத் தாளில் இந்த இரண்டு எண்களையும் எழுதிக் காட்டிவிட்டு, எதற்குப் பயப்படவேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள்.

பயம் போனாலும் கை பழகவேண்டும். மஞ்சப்பையிலிருந்து இன்ஹேலரை எடுக்கும் ஓர் அம்மாவிடம், “எப்படி எடுக்கறீங்கன்னு செஞ்சு காட்டுங்க” என்று சொல்லிப் பாருங்கள். குலுக்கமாட்டார். கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோல் அண்ணாந்து, வாயைத் திறந்து, தள்ளிப் பிடித்து இரண்டு தடவை அழுத்துவார். மூச்சை இழுக்கவே மாட்டார். மருந்து நாக்கிலும் அண்ணத்திலும் படிந்து நிற்கும். பொடி இன்ஹேலருக்கான கேப்சூலைத் தண்ணீர் விட்டு விழுங்கியவர்களை இங்கே இருக்கும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சீட்டில் ‘தினம் இரண்டு வேளை’ என்றுதானே எழுதியிருந்தோம், அவர் அதன்படிதான் செய்தார்.

இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் ஸ்பேசர் வைத்தால் இந்தச் சிக்கல் குறையும். அதை வாங்கக் காசில்லை என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் குழந்தை மருத்துவர் ஹெதர் ஸாரும் அவருடைய குழுவினரும் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலையே ஸ்பேசராக்கிச் சோதித்தார்கள். கடையில் விற்கும் ஸ்பேசருக்கு அது சளைத்ததல்ல என்று 1999இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். செய்முறை சுலபம். இன்ஹேலர் வாயின் அளவுக்குக் கம்பியை வளைத்து, சூடாக்கி, பாட்டிலின் அடிப்பாகத்தில் வைத்தால் அதே வடிவில் துளை விழும். பிளாஸ்டிக் சூடாக இருக்கும்போதே இன்ஹேலரைச் செருகிவிட்டால் கச்சிதமாகப் பொருந்திக்கொள்ளும். பாட்டிலின் வாய்ப்பக்கம் பிள்ளையின் வாய்க்கு. இதைக் கற்றுக்கொடுக்க ஆகும் நேரம், ஒரு நெபுலைசர் ஓடி முடியும் நேரத்தைவிடக் குறைவு.

நம் ஜனங்கள் ஒழுங்காக மருந்து எடுக்கமாட்டார்கள், படிப்பறிவு போதாது என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும். நீண்ட நாள் மருந்தை ஏழை வீட்டில் வைத்தே கொடுக்கமுடியும் என்று உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியதே நம் சென்னைதான். 1956இல் அங்கே காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்தில் வைத்தார்கள், மறு பாதிக்கு வீட்டிலேயே ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சத்தான சாப்பாடு இல்லை, ஓய்வும் இல்லை, இடமும் நெருக்கடி. ஆனாலும் 1959இல் வந்த முடிவு, இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்ததைக் காட்டியது. சானடோரியங்களின் காலம் உலகெங்கும் முடிவுக்கு வர அந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். அதன் பலம் மருந்தில் மட்டும் இல்லை. ஆய்வு மையத்தின் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள், மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள், வராதவரைத் தேடிப் பிடித்தார்கள்.

காசநோய்க்குப் பதிவேடு உண்டு, எண் உண்டு, தேடிப்போக ஆளும் உண்டு. ஆஸ்துமாக்காரருக்கு என்ன இருக்கிறது? ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021இல் தொடங்கியபிறகு இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. அந்தப் பையில் ஸ்டீராய்டு இன்ஹேலருக்கும் நிலையான இடம் வேண்டும். கொண்டு வருபவர் அதைப் பிடிக்கும் முறையை மாதம் ஒரு தடவை பார்த்துத் திருத்தவும் வேண்டும். இந்தக் கருத்தரங்கு அரசுக்கு ஏதாவது தீர்மானம் அனுப்புவதாக இருந்தால், இதை முதலில் வைக்கச் சொல்வேன்.

ஒவ்வாமைச் சோதனைகளைப் பற்றிச் சுருக்கமாக. கையில் குத்திப் பார்க்கும் தோல் சோதனை நல்ல சோதனைதான். கால் மணி நேரத்தில் 3 மில்லிமீட்டர் தடிப்பு வந்தால், உடம்பு அந்தப் பொருளுக்கு எதிராகத் தயாராகியிருக்கிறது என்று அர்த்தம். நோய் அதனால்தான் வருகிறதா என்பதை நோயாளியின் கதைதான் சொல்லவேண்டும். நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு இரத்தத்தில் ஐஜிஜி அளந்து, பட்டியல் போட்டு, ஆயிரக்கணக்கில் காசு வாங்குவது வேறு தொழில். ஐஜிஜி4 சோதனையை உணவு ஒவ்வாமைக்குப் பயன்படுத்தவேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமைக் கழகம் 2008லேயே சொல்லிவிட்டது. அந்தப் பட்டியலை நம்பி முட்டை, பால், வாழைப்பழம், கத்திரிக்காய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மெலிந்துபோன பிள்ளைகள் நம்மிடம் வருகிறார்கள். அதே வீட்டில் படுக்கையைச் சுற்றி எரியும் கொசுவர்த்தியை யாரும் நிறுத்தச் சொல்லியிருக்கமாட்டார்கள். சீன, மலேசியச் சுருள்களைச் சோதித்த 2003ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று கண்டார்கள்.

நேரம் தப்பினால் உயிரே போகும் இடம் ஒன்று உண்டு, அது அனாஃபிலாக்சிஸ். ஊசி போட்டதும், குளவி கொட்டியதும், இறால் சாப்பிட்டதும் உடம்பெல்லாம் தடித்து, குரல் மாறி, அழுத்தம் விழும்போது நம் கை முதலில் போவது அவிலுக்கும் டெக்ஸாவுக்கும். அட்ரினலின் கடைசியில், அதுவும் பயந்து பயந்து. பெரியவர்களுக்கு அரை மில்லி, தொடையின் வெளிப்புறத் தசையில், முதல் மருந்தாக. ட்ரேயில் அந்த ஆம்ப்யூல் இருக்கிறதா என்று செவிலியர்கள் நாளைக்கே பாருங்கள்.

கோவையில் பேசிவிட்டு மில்லைப் பற்றிப் பேசாமல் போகமுடியாது. 1888இல் ஸ்டேன்ஸ் மில் எழுந்த காலத்திலிருந்து இந்த ஊர் பஞ்சுத் தூசியை மூச்சில் இழுத்து வருகிறது. புளோ ரூமிலும் கார்டிங்கிலும் வேலை பார்ப்பவருக்கு வரும் பிசினோசிஸ், தொடக்கத்தில் விசித்திரமான நோய். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் நெஞ்சு இறுகும், அடுத்தடுத்த நாளில் தளர்ந்துவிடும். பஞ்சோடு வரும் செடித் துணுக்குகளும், அவற்றில் உள்ள பாக்டீரியாவின் நச்சும் காரணம். வழக்கமான ஒவ்வாமைக்கு உள்ள ஐஜிஇ இதற்குத் தேவையில்லை, அதனால் தோல் சோதனையில் ஒன்றும் தெரியாது. வருடாந்திரப் பரிசோதனைக்கு மருத்துவர் வாரத்தின் நடுவில் வந்து ஸ்டெதஸ்கோப் வைத்தால் எல்லாம் நார்மல். ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும் ஊதச் சொல்லி, முதல் வினாடியில் வெளிவரும் காற்று எவ்வளவு குறைகிறது என்று பார்க்கவேண்டும், அதுவும் விடுமுறைக்கு மறுநாள். நூல்களில் ‘திங்கட்கிழமை’ என்று போட்டிருக்கும். இங்கே பல மில்களில் வார விடுமுறை ஆளுக்கொரு நாள். ஒருவருடைய திங்கட்கிழமை வியாழனாக இருக்கலாம். வருகைப் பதிவேட்டைப் பார்க்காமல் இந்த நோயைக் கண்டுபிடிக்கமுடியாது.

சட்டப்படி கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோய்களில் பிசினோசிஸும் ஒன்று. அறிவிக்கிறவர் எத்தனை பேர் என்று இந்த அரங்கில் கை தூக்கச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்தமாட்டேன். இப்போது கார்டிங்கில் நிற்பவர் பலர் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து விடுதியில் தங்கியிருக்கும் இளைஞர்கள். உடம்பு முடியாமல் போனால் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். நோய் ரயிலேறிப் போய்விடுகிறது, நம் பதிவேடு சுத்தமாக இருக்கிறது. இன்று கட்டுரை படிக்கும் யாராவது ஆய்வுத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தால், இதோ இருக்கிறது. இந்தி தெரிந்த ஒரு சக ஊழியரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

பிசினோசிஸைப் போலவே ஆஸ்துமாவையும் தப்பான நேரத்தில்தான் தேடுகிறோம். அது முற்றுவது நடுஇரவிலும் விடிகாலையிலும். நம் புறநோயாளிகள் பிரிவு திறப்பது காலையில் வெயில் ஏறியபிறகு. அப்போது நெஞ்சில் சத்தம் இருக்காது, “ஒன்றுமில்லை, சளிதான்” என்று அனுப்பிவிடுகிறோம். மலிவான பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றைக் கொடுத்து, இரண்டு வாரம் காலையும் மாலையும் ஊதி எழுதிவரச் சொன்னால் ஏற்ற இறக்கம் தாளில் தெரிந்துவிடும். விறகடுப்பில் நாற்பது வருஷம் சமைத்த பாட்டி, பீடியைத் தொட்டதே இல்லை என்பதற்காக அவருக்கு சிஓபிடி வராது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவரையும் ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொல்லுங்கள்.

சாப்பாட்டு மணிக்கு முந்தைய அந்தக் கால் மணி நேரத்தை, விழாக் குழுவின் அனுமதியோடு, ஒரு மணி நேரமாக நீட்டியிருக்கிறேன். பின்வரிசை மேசையில் எல்லா வகை இன்ஹேலர்களும், மருந்தில்லாத பயிற்சிக் கருவிகளும் இருக்கும். பேராசிரியர்கள் உட்பட ஒவ்வொருவரும் அங்கே வந்து செவிலியர்கள் முன்னால் பிடித்துக் காட்டவேண்டும். மதிப்பெண் போடுவது அவர்கள். முதல் அமர்வில் பள்ளிக் குழந்தைகளின் ஆஸ்துமா பற்றி மூன்று கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் 12 நிமிடம், கேள்விக்கு 3. மணி என் கையில் இருக்கிறது. முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.