மருந்துக்குப் பூட்டு, பிள்ளைக்கு ஒரு கேள்வி
(அல்லைப்பிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலையகத் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் நாங்கள் இன்று சம்பளம் பேச வரவில்லை. பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். 2006 மே 13இல் ஒரே இரவில் பல உயிர்களைப் பறிகொடுத்த ஊர் இது. இழப்பின் வலியை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

1995 அளவில், தற்கொலை மிகக் கூடிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. கடும் நஞ்சுள்ள கிருமிநாசினிகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த 20 ஆண்டுகளில் அந்த வீதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. ஏன்? அந்த எண்ணம் பலருக்கு ஒரு நேரத்து வேகம்தான். அந்நேரம் நஞ்சு கைக்கு எட்டாவிட்டால் பிள்ளை பிழைக்கும். ஆகவே மருந்தை லயத்திலும் வீட்டிலும் வைக்காதீர்கள். தோட்டத்து ஸ்டோரில் பூட்டி வைப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. அதைக் கேட்டு வாங்குவது சங்கத்தின் வேலை.

கையைக் கீறிக்கொள்ளும், சோற்றை ஒதுக்கும் பிள்ளையை "நடிப்பு" என்று ஏசாதீர்கள். பக்கத்தில் இருந்து, "சாகணும்போல இருக்கா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது, மனப்பாரம்தான் குறையும்.

பொலிசுக்குப் பயந்து மறைக்கவும் வேண்டாம். 1998 முதல் தற்கொலை முயற்சி இந்நாட்டில் குற்றமல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கம் இருக்கிறது.

எட்டு மணி வேலைக்குப் போராடியவர்கள் நாம். வீடு திரும்பியதும் பத்து நிமிடம் பிள்ளையோடு பேசுவோம்.